வாளிக்கு முன்னால் சருகு

சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்குவது பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதினேன். அஞ்சலட்டையிலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பதில்கள் இதோ.

கே: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் ‘மக்கு’ என்றால் திட்டு. குப்பைக்கு மட்டும் அது பாராட்டா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: பெரிய பாராட்டு. மட்குதல் என்ற சொல்தான் பேச்சில் மக்குதல் ஆனது. இருந்த உருவம் தெரியாமல் மண்ணோடு மண்ணாகிற திறமை அது. வாழைப்பழத் தோலுக்கு அந்தத் திறமை உண்டு, அதைக் கட்டி எறிகிற கேரி பைக்குக் கிடையாது. திட்டுவதென்றால் பையைத் திட்டுங்கள்.

கே: எங்கள் வீட்டில் நாலு பேர். உரம் போட என்னென்ன வாங்க வேண்டும்?
— இல்லத்தரசி, கும்பகோணம்

ப: எதையும் வாங்க வேண்டாம். வெள்ளையடித்து முடித்த வீட்டில் கேட்டால் காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளி கிடைக்கும். அப்படி மூன்று சேர்த்து நன்றாகக் கழுவிக் கொள்ளுங்கள். கம்பியைச் சூடாக்கி, பென்சில் நுழைகிற அளவுக்கு அடியில் எட்டு பத்து ஓட்டை, சுற்றிலும் இருபது முப்பது ஓட்டை போடுங்கள். இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, கீழே ஒரு பழைய தாம்பாளம் வையுங்கள். மூடி அவசியம். இடம் நிழலாக இருக்கட்டும்.

வாளிக்கு முன்னால் சேர்க்க வேண்டியது ஒரு சாக்குச் சருகு. பலரும் இதை விட்டுவிட்டு நேரே வாளிக்குப் போகிறார்கள், அங்கேதான் பிசகுகிறது. கழிவை உரமாக்குவது நாமல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை. காய்கறிக் கழிவில் கார்பன் 15, 20 பங்குதான் இருக்கும். காய்ந்த இலையில் அது 50ஐத் தாண்டும். இரண்டையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். அதோடு காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை உறிஞ்சவும் நடுவில் காற்றுக்கு வழிவிடவும் சருகை விட்டால் ஆளில்லை.

வாளியின் அடியில் நாலு விரல் கனத்துக்குச் சருகு. அதன் மேல் அன்றைய கழிவு: கத்தரிக்காய்க் காம்பு, வாழைப்பூ மடல், காபிச் சக்கை, வெங்காயத் தோல், எதுவானாலும் சின்னதாக நறுக்கியது. ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் நிறைய, கையால் நொறுக்கிய சருகு. கழிவு கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிட வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தரம் குச்சியால் கிளறிவிடுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு வாளி நிரம்ப மூன்று நான்கு வாரம் ஆகும், ஏனென்றால் நீங்கள் போடப் போட அது கீழே அமுங்கிக்கொண்டே போகும். மூன்றாவது வாளி நிரம்பும்போது முதல் வாளி உரமாகியிருக்கும்.

கே: ஆரம்பித்து ஒரே வாரம். நாற்றம் தாங்கவில்லை. வாளியைத் தூக்கி எறியச் சொல்கிறார் கணவர்.
— வாசகி, மதுரை

ப: வாளி இருக்கட்டும், தண்ணீரை வெளியேற்றுங்கள். அதற்குமுன் மூக்கைக் கொஞ்சம் நம்புங்கள், என்ன கோளாறு என்பதை அது சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றமா? உள்ளே காற்று இல்லை, ஈரம் மிஞ்சிவிட்டது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா கிளப்புகிற வாசம் அது. கண்ணைக் கரிக்கிற, மாட்டுக்கொட்டகை மாதிரி நெடியா? நைட்ரஜன் அதிகமாகி அம்மோனியாவாகப் பறந்துகொண்டிருக்கிறது. உரத்தில் சேர வேண்டிய சத்துதான் அப்படி வீணாகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சருகைச் சேர்த்துக் கிளறுவது.

என் முதல் வாளியும் நாறியது. சருகு போடாமல் பதினைந்து நாள் காய்கறித் தோலை மட்டும் கொட்டி வந்தேன். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கறுப்புக் கூழ். அதை மொட்டை மாடி நிழலில் பரப்பி, தென்னை நார்க்கழிவைப் பிசறி, மறுபடி வாளியில் நிரப்பினேன். இரண்டே நாளில் நாற்றம் அடங்கிவிட்டது. அன்று முதல் சருகு மூட்டை என் வாளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு, உதிர்ந்தால் கொஞ்சம் அரிசி களைந்த தண்ணீர்.

கே: வாளியைத் திறந்தால் கொழுகொழுவென்று பழுப்புப் புழுக்கள். பயந்து மூடிவிட்டேன்.
— வாசகி, வேலூர்

ப: பயம் வேண்டாம். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈ எனப்படும் பூச்சியின் புழுக்கள். பெயர்தான் போர்க்களம் போல இருக்கிறது. வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈ மாதிரி நம் சோற்றுத் தட்டையும் தேடி வராது. புழுவோ அசுர வேகத்தில் கழிவைத் தின்று தீர்த்துவிடும். அது நிறைய வந்திருந்தால் உங்கள் வாளியில் ஈரம் கூடுதல் என்று பொருள். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் இரண்டு கை சருகு போட்டுக் கிளறுங்கள், தானாகக் குறையும். கோழி வளர்ப்பவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள், ஓடி வந்து வாங்கிப்போவார்.

குட்டிக் குட்டியாகப் பறக்கும் பழ ஈக்களுக்கு, மேலே சருகை இரண்டு விரல் கனத்துக்குப் போர்த்தி, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூவினால் போதும். வெள்ளை வெள்ளையாகப் பூசணம் படர்ந்தால் சந்தோஷப்படுங்கள், வேலை நடக்கிறது.

கே: தேங்காய்ச் சிரட்டை மக்குமா?
— வாசகர், பொள்ளாச்சி

ப: மக்கும், ஆண்டுக்கணக்கில். அது வரைக்கும் அடுப்பெரிக்கலாம்.

கே: மீன் செதில், கோழி எலும்பு, மிஞ்சிய சாம்பார் சாதம், இதெல்லாம் போடலாமா?
— வாசகர், தூத்துக்குடி

ப: தொடக்கத்தில் வேண்டாம். மக்காது என்பதற்காக இல்லை. நன்றாகவே மக்கும். ஆனால் அந்த வாசனைக்குப் பெருச்சாளியும் பூனையும் வந்துவிடும். கை பழகியபின் சாதத்தையும் குழம்புக் காய்களையும் உப்பும் எண்ணெயும் போக அலசி, வடித்து, கொஞ்சமாகப் போட்டு நிறையச் சருகால் மூடலாம். ஊறுகாய், பொரித்த எண்ணெய் கூடவே கூடாது. உப்பு சேரச் சேர, அந்த உரம் செடியின் வேரைச் சுடும்.

தோட்டம் இருக்கிறவர்கள் மீன் கழிவை முழங்கை ஆழக் குழியில் புதைத்துவிட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். நாய் பூனையின் கழிவு, டயப்பர், நாப்கின், பளபளப்பான தாள் எதற்கும் வாளியில் இடமில்லை. சுவாமி படத்து மாலையை நாரோடு போடலாம், நூலாக இருந்தால் உருவிவிட்டுப் போடுங்கள்.

கே: நுண்ணுயிர்ப் பொடி வாங்காவிட்டால் மக்கவே மக்காது என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், சேலம்

ப: காட்டு மரத்தடியில் யார் பொடி தூவினார்கள்? நுண்ணுயிர்கள் சருகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன, காய்கறித் தோலிலும் இருக்கின்றன. வேகம் வேண்டுமானால் ஒரு வேப்பமரத்தடி மண் ஒரு பிடி, அல்லது பழைய உரம் ஒரு பிடி போடுங்கள். சாணம் கிடைத்தால் கரைத்துத் தெளியுங்கள். புளித்த மோரும் தெளிக்கலாம், தப்பில்லை. பொடி வாங்கும் காசுக்குக் கீரை விதை வாங்குங்கள்.

கே: மண்புழு வேண்டாமா?
— பள்ளி மாணவன், ஈரோடு

ப: வேண்டும் என்றில்லை தம்பி. மண்புழு உரம் வேறு வகை. அதற்கென்று ஐசீனியா, யூட்ரிலஸ் என்ற மேல்மட்டப் புழுக்களை வளர்க்கிறார்கள். அவை சூட்டைத் தாங்காது, எலுமிச்சைத் தோலும் மிளகாயும் உப்பும் பிடிக்காது, எறும்பிடமிருந்து காப்பாற்ற வேண்டும். ஆடுமாடு வளர்ப்பது போல அதுவும் ஒரு வளர்ப்பு. முதலில் வாளி உரம் ஒன்றை முடி. பிறகு அதையே புழுவுக்குச் சாப்பாடாகக் கொடுக்கலாம்.

கே: எங்கள் தாத்தா எருக்குழி வைத்திருந்தார். அதற்கு ‘கம்போஸ்ட்’ என்று இங்கிலீஷில் பெயர் வைத்துப் புதிதாகச் சொல்லித் தருகிறீர்களே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ப: கோபம் நியாயம் ஐயா. ஆனால் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் நமக்கு விவசாயம் சொல்லித்தர வந்தவர். வந்த இடத்தில் நம் விவசாயியையும் பயிரைத் தாக்கும் பூச்சியையும் தன் ஆசிரியர்கள் என்று எழுதி வைத்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, செடிக்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கி, காலம் பார்த்துக் கிளறும் முறையை ஒழுங்குபடுத்தினார். அதுதான் இந்தூர் முறை என்று உலகம் சுற்றியது. 1940இல் அவர் எழுதிய ‘அன் அக்ரிகல்சுரல் டெஸ்டமென்ட்’ இன்றும் இயற்கை வேளாண்மைக்காரர்கள் கையில் இருக்கிறது.

உங்கள் தாத்தாவின் குழியில் எல்லாம் இருந்தது, இரண்டைத் தவிர: கிளறிவிடுவது, மூடிவைப்பது. வெயிலும் மழையும் பட்டுத் திறந்து கிடந்த குழியில் சத்து ஆவியாகவும் கசிவாகவும் போய்விட்டது. கிளறி, மூடி வைத்தால் அதே குழி பாதி நாளில் இன்னும் நல்ல எரு தரும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கிராமப் பொருளாதாரம் பேசியபோது எருவையும் பேசினார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தராத பொருளாதாரம் நிலைக்காது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

கே: வீட்டைச் சுற்றி மா, பலா, தென்னை. பெருக்கிக் குவித்தால் ஆள் உயரம் வருகிறது. வாளி எந்த மூலைக்கு?
— வாசகர், நாகர்கோவில்

ப: உங்களுக்கு வாளி வேண்டாம், குவியல் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குச் சின்னதாக இருந்தால் சூடு தங்காது. ஒரு சாண் சருகு, அதன் மேல் நாலு விரல் பச்சைக் கழிவு (வெட்டிய புல், கிளுவை, அகத்தி, அடுக்களைக் கழிவு), அதன் மேல் சாணக் கரைசல். இப்படியே அடுக்கிக்கொண்டு போய் மேலே தென்னங்கீற்று போட்டு மூடுங்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைத் தொட முடியாமல் சுட வேண்டும். உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறியிருக்கும். அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகின்றன. கம்பி சூடு குறைந்து வெதுவெதுப்பானால் குவியலைப் புரட்டி, வெளியே இருந்ததை உள்ளே தள்ளுங்கள். மறுபடி சூடேறும். இப்படி நாலைந்து முறை.

மாவிலையும் பலா இலையும் தோல் தடித்தவை, அரிவாளால் கொத்திப் போடுங்கள். தென்னை மட்டையைக் குவியலில் சேர்க்காமல் மரத்தடியில் மூடாக்காகப் பரப்பலாம். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்கினால் மட்டும் சேர்க்கலாம். கோரைக் கிழங்கு வேண்டாம்.

கே: இங்கே 2021இல் ஒரே நாளில் எல்லோரும் சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாற வேண்டுமென்றார்கள். வயல் படுத்துவிட்டது. கூட்டெருவை இனியும் நம்பலாமா?
— வாசகர், மட்டக்களப்பு

ப: நம்பலாம், அவசரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன். நல்ல கூட்டெரு ஒரு கிலோவில் 10 முதல் 20 கிராம். ஒரு நாட்டு வயலுக்கே அந்தக் கணக்கில் எரு வேண்டுமானால் மலை மலையாக வேண்டும், அந்த மலைகள் இரசாயனப் பசளைக்கு வந்த மே மாதத் தடைக்கு முன்பே மக்கி முடிந்திருக்க வேண்டும். எரு இல்லாமல் ஆணை மட்டும் வந்தது, நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். பழி எருவின் மேல் விழுந்தது.

கூட்டெரு மூட்டைப் பசளைக்கு மாற்றுச் சரக்கு அல்ல. மண்ணைப் பொலபொலப்பாக்கும், தண்ணீரைப் பிடித்து வைக்கும், மண்ணில் உயிர்களை வளர்க்கும். அந்தப் பலன் பல போகங்களில் தெரியும். வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்கும் பூசணிக்கும் அதுவே போதும். கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் உயிரோடு புதைந்தார்களே, அதை நினைத்தாவது அடுக்களைக் கழிவைப் படலைக்கு வெளியே அனுப்பாதீர்கள்.

கே: எங்கள் குடியிருப்பில் 120 வீடு. சங்கக் கூட்டத்தில் பேச்செடுத்தால் “மாநகராட்சிக்கு வரி கட்டுகிறோமே” என்கிறார்கள்.
— வாசகி, சென்னை

ப: இப்போது நடப்பிலுள்ள திடக்கழிவு மேலாண்மை விதிகளை அச்செடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். 2016இன் விதிகளிலேயே, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் தங்கள் மக்கும் குப்பையை வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும் என்று இருந்தது. 120 வீட்டையும் ஒரே நாளில் திருப்ப முயல வேண்டாம். ஒரு மாடியில் பத்து வீடு போதும். மூன்று மாதம் கழித்து அந்த மாடியின் உரத்தை எல்லோர் வீட்டுத் துளசிக்கும் ஒரு பை கொடுங்கள். பேச்சைவிட அது வேலை செய்யும்.

கே: நான் ஒருத்தி ஒரு வாளி வைப்பதால் ஊர்க் குப்பை குறைந்துவிடுமா?
— வாசகி, தாம்பரம்

ப: பெருங்குடிக் குப்பை மேடு உங்களுக்குப் பக்கம்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், பறவைகள் வரும் நீரின் மேலேயே, பல்லாண்டு கொட்டிய மேடு அது. 2022 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. சுற்றியிருந்தவர்கள் சன்னலைத் திறக்க முடியவில்லை. அடியில் அமுங்கிய ஈரக் கழிவு காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். அது எரியும் வாயு. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கு மேல் வலுவுள்ளது. உங்கள் வாழைக்காய்த் தோல் வாளியில் காற்றோடு மக்கினால் அந்த மீத்தேனாக மாறாது.

இதைவிட எனக்கு முக்கியமானது வேறொன்று. எங்கள் தெருவுக்குக் காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியோடு ஒரு அம்மா வருகிறார். ஒரு நாள் அருகே நின்று பார்த்தேன். ஒரு வீட்டுப் பையின் முடிச்சை அவிழ்க்கிறார். ரசம் சாதம், அதில் ஊறிய காகிதம், அதற்குள் ஒரு உடைந்த பல்பு, ஒரு சவரப் பிளேடு. கையுறையின் ஆட்காட்டி விரல் கிழிந்திருந்தது. பிளேடை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பையை அவிழ்த்தார். சாதம் அந்தப் பையில் இல்லாவிட்டால் காகிதம் காய்ந்திருக்கும், பல்பு கண்ணில் பட்டிருக்கும், மிச்சமெல்லாம் பழைய பொருளாக விலை போயிருக்கும். ஈரத்தை நாம் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால் அந்தக் கைக்கு வருவது காய்ந்த பொருள் மட்டும். ஊர்க் குப்பை குறைவது இருக்கட்டும். நாளைக் காலையே ஒருவர் கை நம் எச்சிலில் படாமல் இருக்கும். ஒரு வாளிக்கு இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்?

கே: உரம் ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும்? செடிக்கு எவ்வளவு போட வேண்டும்?
— வாசகர், கோயம்புத்தூர்

ப: போட்ட பொருள் எதுவும் அடையாளம் தெரியக் கூடாது. கைக்குக் காபித்தூள் போல உதிர வேண்டும். முதல் மழை வாசனை வர வேண்டும். இது வெறும் ஒப்பீடு அல்ல, அதே வாசனைதான். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் இரண்டு இடத்திலும் மணக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு பிடியை மூடிபோட்ட டப்பாவில் மூன்று நாள் வைத்துத் திறங்கள். நாறினால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதம் போதும்.

சலித்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம். வெறும் உரத்திலேயே செடி நடாதீர்கள். சல்லடையில் நின்ற முரட்டுத் துண்டுகளை அடுத்த வாளிக்கு உறை மோர் போலச் சேர்த்துவிடலாம்.

கே: உரம் போட்ட ரோஜாத் தொட்டியில் தக்காளியும் பப்பாளியும் முளைக்கின்றன!
— வாசகி, திருச்சி

ப: வாளி சின்னது, விதை சாகிற அளவுக்குச் சூடேறாது. அதனால் முளைக்கிறது. ரோஜாவை நெருக்காமல் பிடுங்கி வேறு தொட்டியில் வையுங்கள். என் மாடியில் போன கோடையில் காய்த்த தக்காளி இப்படி வந்ததுதான், நாட்டுத் தக்காளி, ரசத்துக்கு அருமை.

கே: ஐப்பசி அடைமழையில்?
— வாசகர், கடலூர்

ப: மூடி, கூரை, இரண்டு பங்கு சருகு. தாம்பாளத்தில் தேங்கும் கசிவுநீரைத் தினமும் கொட்டிவிடுங்கள், கொசு வரும்.

கே: ஆரம்பிக்க நல்ல நாள் எது?
— வாசகி, காரைக்குடி

ப: சருகு உதிரும் நாளெல்லாம் நல்ல நாள். மாசி, பங்குனியில் வேம்பு மொத்தமாகக் கொட்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் பொடி இலை மெத்தை போலக் கிடக்கும், அதை நொறுக்கக்கூட வேண்டாம். அதைத்தான் தெருவோரம் கூட்டித் தீ வைக்கிறார்கள். போகியன்றும் அதே தீ. குழந்தைகள் இருமுகிற அந்தப் புகை, உங்கள் வாளிக்கு ஆறு மாதத்துக்கு வேண்டிய சரக்கு.

நாளைக் காலை வாசல் பெருக்கும்போது குவிகிற சருகைக் கொளுத்த விடாதீர்கள். ஒரு பழைய அரிசிச் சாக்கை எடுத்துக்கொண்டு போய் அள்ளி வையுங்கள். வாளி அடுத்த வாரம் வரட்டும்.